பக்கத்துத் தொட்டி வெள்ளரியின் மேல் பழி போட வேண்டாம்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் 10வது மாடியில் இருக்கிறேன். தாழ்வாரத்தில் காலை வெயில் விழும். கடையில் வாங்கிய ராக் மெலன் பழத்தின் விதையைத் தொட்டியில் போட்டேன். கொடி நன்றாக ஏறி 4 காய் பிடித்தது. பழுக்கும் சமயத்தில் இலையெல்லாம் வெள்ளைப் பொடி. பறித்த பழம் சின்னதாக, சப்பென்று வெள்ளரிக்காய் மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டு வெள்ளரியோடு மகரந்தம் கலந்ததுதான் காரணம் என்கிறார்கள். வெல்லத் தண்ணீர் ஊற்றினால் இனிக்குமா?

பதில்: பக்கத்து வீட்டாரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள், அம்மா. வெள்ளரியும் மெலனும் ஒரே குடும்பம்தான், ஆனால் ஒன்றின் மகரந்தத்தில் மற்றொன்று காய்க்காது. நம் ஊர் வெள்ளரிப்பழம் வேறு, அது மெலன் இனமே; அதன் கொடி பக்கத்தில் இருந்தால் மெலனோடு கலக்கும். அப்போதும் மாற்றம் விதைக்குள்தான் இருக்கும். இந்தப் பழத்தின் சதையில் தெரியாது.

வெல்லத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வேர் வழியாக இனிப்பு பழத்துக்குப் போகாது, எறும்புதான் வரும். பழத்தின் சர்க்கரை முழுவதும் இலை வெயிலில் சமைத்துக் கொடுப்பது; அதிலும் பெரும்பங்கு கடைசி இரண்டு மூன்று வாரங்களில்தான் சேர்கிறது. உங்கள் கொடி அந்த வாரங்களில்தான் இலையை இழந்திருக்கிறது. போதாக்குறைக்கு 4 காய். ஒரு குவளைப் பாலை நாலு பிள்ளைக்குப் பங்கு வைத்த கதைதான். மெலனில் மாவுச்சத்துச் சேமிப்பு கிடையாது என்பதால், வாழைப்பழம்போல் பறித்து வைத்தாலும் இனிப்பு ஏறாது.

அடுத்த முறை 25 லிட்டருக்குக் குறையாத தொட்டியில் ஒரே ஒரு கொடி. கடைப் பழத்தின் விதை பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகத்தினுடையது, தாயைப்போல் வராது. விதைப் பொட்டலம் வாங்குங்கள். கொடியைக் கயிற்றில் நேராக ஏற்றி, 8வது கணு வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுங்கள். அதற்கு மேல் வரும் கிளைகளின் முதல் கணுவில் பெண் பூ வரும், இதழுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு தெரியும். 10வது மாடியில் தேனீயை நம்ப முடியாது. காலை 10 மணிக்குள் ஆண் பூவின் இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவுங்கள். மூன்று பூவுக்குச் செய்து, பிஞ்சு கோழிமுட்டை அளவு வந்ததும் நல்லதாக ஒன்றை விட்டு மற்றதை அறுத்துவிடுங்கள். மனசு வராதுதான். தலைக்கொடியில் 25 இலை வந்ததும் நுனியைக் கிள்ளலாம். பழ ஈ குத்தாமலிருக்கப் பிஞ்சிலேயே காகிதப் பையோ வலைப் பையோ கட்டுங்கள்.

வெள்ளைப் பொடி சாம்பல் நோய். மழை படாத, காற்று ஓடாத இடம்தான் அதற்குப் பிடிக்கும். தாழ்வாரம் தோதான இடம். முதல் புள்ளி தெரிந்ததுமே அந்த இலையைக் கிள்ளிவிட்டு, பால் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து வாரம் ஒருமுறை காலையில் இலையின் இருபுறமும் தெளியுங்கள். இலை முழுக்கப் பரவிய பிறகு பயன் குறைவு. இந்த நோய்க்குத் தெளிக்கும் கந்தகம் சில ரகங்களின் இலையை வெயிலில் கருக்கிவிடும், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெயில்தான் உங்கள் பெரிய சிக்கல். இங்கே உச்சி வெயில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலிருந்து விழுகிறது, அதை மேல்மாடித் தளம் மறைத்துவிடும். காலையில் மூன்று நான்கு மணி நேரம் கிடைக்கலாம். மெலனுக்கு 6 மணி நேரமாவது வேண்டும். அதனால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் தெளியும் பிப்ரவரி, மார்ச்சில் பழுக்கும்படி டிசம்பர் தொடக்கத்தில் விதையுங்கள். இனிப்பில் குறை வைக்கக் கூடாது என்றால், தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திக்கு விண்ணப்பியுங்கள். தாழ்வாரத்திலேயே வைப்பதானால் நடக்க 1.2 மீட்டர் இடம் விட வேண்டும், தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. டெங்கிக் கொசு அதிலும் முட்டையிடும்.

மகரந்தம் தடவிய தேதியை அட்டையில் எழுதிக் காம்பில் கட்டுங்கள். 35 முதல் 45 நாளில் பழுக்கும். கடைசி ஒரு வாரம் தண்ணீரைக் குறைக்கலாம், இலை வாடும் அளவுக்கு அல்ல. காயவிட்டுத் திடீரென நிறைய ஊற்றினால் பழம் வெடிக்கும். தோலில் வலைபோன்ற கோடுகள் நிறைந்து, வாசனை வந்து, காம்பு சேரும் இடத்தில் வட்டமாகக் கீறல் விட்டால் அறுக்கலாம். ஹனிடியூ ரகத்தில் இந்தக் கீறல் வராது, நாள் கணக்கும் தோல் நிறமும்தான்.

இப்போது கொடியில் மிச்சமிருக்கும் காய்கள் இனி இனிக்கப் போவதில்லை. பறித்துத் தோல் சீவி, பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வையுங்கள். நறுக்கும்போது ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் சமைக்காமல் எறிந்துவிடுங்கள், கசக்கும் காய் வயிற்றைக் கெடுக்கும்.