மிச்சக்காசு

அன்புள்ள அண்ணா,
என் மகனுக்கு ஒன்பது வயது. வீட்டில் விளையாட்டுக் காசை வைத்துக் கேட்டால் கூட்டல், கழித்தல் எல்லாம் சரியாகச் சொல்கிறான். சந்திக் கடையில் 500 ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்றால் வாயே திறக்கிறானில்லை. இன்னொரு ரியூஷனுக்கு விடவா? கைபேசியில் ஏதாவது கணக்கு விளையாட்டுப் போட்டுக் கொடுக்கவா?
ஒரு தாய், கிளிநொச்சி

அன்புள்ள தங்கச்சி,
ரியூஷன் வேண்டாம், கைபேசியும் வேண்டாம். அவனுக்குக் கணக்குத் தெரியும். மேசையில் தெரிந்தது கடைவரை கூடப் போகவில்லை, அவ்வளவுதான். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் தேங்காய் போன்றவை விற்ற பிள்ளைகள் ஐந்து பேரைப் பற்றி 1985இல் ஓர் ஆய்வு வந்தது. விற்கும்போது நூற்றுக்கு 98 கணக்கு சரி. அதே கணக்கை வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37தான். உங்கள் மகனுக்கு நேர்மாறு, ஆனால் நோவு ஒன்றுதான்.

எனக்கும் அந்த நோவு இருந்தது. முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் வயல் மூன்றரை ஏக்கர். எனக்குப் பதினொரு வயது, பெருக்கலில் வகுப்பில் முதல் ஆள். பெரும்போகப் புழுதி விதைப்பு நாளன்று அம்மப்பா கேட்டார், "ஏக்கருக்கு இரண்டு புசல் என்றால் எத்தனை புசல் நெல் எடுக்க?" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. விதைக்க வந்தவர் கடகத்தோடு நின்றார். வெயில் ஏறியது. அம்மப்பா விடையைச் சொல்லவில்லை. வரம்பில் குந்தி, வெற்றிலையை மடித்து, மென்று, துப்பி முடிக்கும்வரை காத்திருந்தார். நான் விரலால் புழுதியில் மூன்று கோடும் ஓர் அரைக் கோடும் கீறினேன். "ஏழு" என்றேன். "அதை அவருக்குச் சொல்லு" என்றார். அடுத்த கிழமை மண்ணெண்ணெய்க் கடையில் கேட்டார், அதற்கடுத்த கிழமை கூரை ஓட்டுக்கு அளந்தபோது கேட்டார்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். மகன் பேசாமல் நின்றபோது விடையைச் சொன்னது யார்? நீங்கள்தானே? பின்னால் இரண்டு பேர் நின்றிருப்பார்கள், உங்களுக்கு வெட்கமாகியிருக்கும். அந்த வெட்கத்துக்காகப் பிள்ளையின் வாயை அடைத்துவிட்டீர்கள். தங்கச்சி, கோபிக்காதீர்கள், இதை நம் வீடுகள் எல்லாவற்றிலும் பார்க்கிறேன். போரில் ஆமிக்கும் செல்லடிக்கும் பயந்து பிள்ளைகளைக் கைக்குள் பொத்தி வளர்த்த சனம் நாங்கள். கை இன்னும் விரியவில்லை.

நாளைக்குச் சீனி வாங்க அவனை அனுப்புங்கள். சனிக்கிழமை சந்தையில் மரக்கறிக்கு, அப்புறம் பஸ்ஸில் ரிக்கெற்றுக்கு அவனே காசு கொடுக்கட்டும். கடைக்காரரிடம் மட்டும் முதலே சொல்லிவையுங்கள், அவன் தொகையைச் சொல்லும்வரை மிச்சக்காசை நீட்ட வேண்டாம் என்று.