குடல் செல்லில் கால்சியத்தைப் பிணைக்கும் புரதங்கள் எங்கே இருக்கின்றன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கால்சியத்தைப் பிணைக்கும் கால்பின்டின் புரதம் குடலின் சளி சுரக்கும் கோப்பை வடிவச் செல்களில் இருப்பதாக ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையில் படித்தேன். பாடநூலோ அது உறிஞ்சும் செல்களின் சைட்டோபிளாசத்தில் இருப்பதாகச் சொல்கிறது. எதை நம்புவது?

பதில்: பாடநூலை நம்பலாம். ஆனால் அந்தப் பழைய கட்டுரையைக் கவனக்குறைவின் விளைவு என்று ஒதுக்கிவிட வேண்டாம். வைட்டமின் டி-யின் தூண்டுதலால் உருவாகும் இப்புரதத்தை 1966இல் கோழிக்குஞ்சின் குடற்சளிப் படலத்தில் கண்டறிந்து அறிவித்த வாசர்மனும் டெய்லருமே, 1970இல் அப்புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் எதிர்ப்பொருளைக் கொண்டு அதன் இருப்பிடத்தையும் தேடினார்கள். அப்போது ஒளிர்ந்தவை கோப்பைச் செல்களும் உறிஞ்சும் செல்களின் மேல்விளிம்பும்தான். கால்பின்டின் எந்தச் சவ்விலும் பதிந்திராமல் செல்லின் நீர்மத்தில் கரைந்தே இருக்கும் சிறு புரதம். திசுவை வெட்டியெடுத்த உடனே தக்க வேதிப்பொருளால் நிலைப்படுத்தாவிட்டால், இத்தகைய புரதம் தான் இருந்த செல்லைவிட்டுக் கசிந்து அருகிலுள்ள சளியிலும் செல்விளிம்பிலும் படிந்துவிடக்கூடும். பிறகு எதிர்ப்பொருள் காட்டுவது அது சென்று சேர்ந்த இடத்தையே, பிறந்த இடத்தை அன்று. 1980களின் தொடக்கத்தில் நிலைப்படுத்தும் முறைகள் மேம்பட்டபோது, உறிஞ்சும் செல்களின் சைட்டோபிளாசம் தெளிவாக நிறமேற, கோப்பைச் செல்கள் வெறுமையாக நின்றன. புரதத்தின் இருப்பிடத்தைக் காட்டும் எந்தப் படத்தைப் பார்த்தாலும், திசு எவ்வாறு நிலைப்படுத்தப்பட்டது என்ற பத்தியை முதலில் படிப்பது இதனால்தான் என் வழக்கமாயிற்று.

கேள்வி: சிறுகுடல் முழுவதும் அது ஒரே அளவில் இருக்குமா?

பதில்: இருக்காது. டியோடினம் எனப்படும் முன்சிறுகுடலில்தான் அது மிகுதி. கீழே செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போகும். குடற்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் ஒரே ஒரு குடலுறிஞ்சியை எடுத்துக்கொண்டாலும் இத்தகைய ஏற்றத்தாழ்வு உண்டு. அடியிலுள்ள குழிகளில் பிறக்கும் இளஞ்செல்களில் அது மிகக் குறைவாகவே காணப்படும். சில நாட்களே வாழும் அச்செல்கள் மேல்நோக்கி நகர்ந்து முதிரும்போதுதான் அதன் அளவு கூடுகிறது. இதை வைத்து, உடலுக்குச் சேரும் கால்சியத்தில் பெரும்பங்கு முன்சிறுகுடலிலேயே உறிஞ்சப்படுகிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உணவு முன்சிறுகுடலைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. பின்சிறுகுடலிலோ நெடுநேரம் தங்குகிறது. அங்கே செல்களுக்கு இடையிலுள்ள வழியாக மெல்லக் கசியும் கால்சியம், உணவில் அது போதிய அளவு இருக்கும்போது, மொத்தக் கணக்கில் பெரிய பங்காகிவிடுகிறது.

கேள்வி: கால்பின்டினுக்கு டி9கே, டி28கே என்று இரண்டு பெயர்கள் வருகின்றன. ஒன்று மற்றொன்றின் துண்டா?

பதில்: இல்லை. இரண்டும் வெவ்வேறு மரபணுக்களின் விளைபொருட்கள். எண்கள் குறிப்பவை ஏறத்தாழ 9,000, 28,000 டால்டன் என்னும் மூலக்கூறு எடைகளை. சிறியது இரண்டு கால்சியம் அயனிகளையும் பெரியது நான்கையும் இறுகப் பிணைக்கும். பறவைகளின் உறிஞ்சும் செல்களில் இருப்பது பெரியது. பாலூட்டிகளின் உறிஞ்சும் செல்களில் இருப்பது சிறியது. பாலூட்டிகளின் குடலிலும் பெரிய வகை உண்டு என்றாலும், அதைக் குடற்சுவரின் நரம்புச் செல்களிலும் சில நாளமில்லாச் சுரப்புச் செல்களிலுமே தேட வேண்டும். கோழியில் கண்டதை அப்படியே எலிக்கும் மனிதருக்கும் பொருத்தி எழுதப்பட்ட குறிப்புகள் இன்றும் மாணவர்களைக் குழப்பிக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: உறிஞ்சும் செல்லில் கால்சியத்தைப் பிணைக்கும் புரதம் கால்பின்டின் மட்டும்தானா?

பதில்: அச்செல்லின் மேற்பரப்பிலுள்ள நுண்விரல் நீட்சிகளை மட்டும் பார்த்தாலே அப்படியில்லை என்பது விளங்கும். ஒவ்வொரு நீட்சியின் நடுவிலும் ஆக்டின் என்னும் புரத இழைகளின் கட்டு ஒன்று உண்டு. அதைச் சுற்றியுள்ள சவ்வோடு இணைக்கும் மயோசின்-1 என்னும் புரதக் கைகளில், கால்சியத்தைப் பிணைக்கும் கால்மோடுலின் ஒட்டியிருக்கிறது. இழைகளைக் கட்டாக வைத்திருக்கும் வில்லினும் கால்சியத்தைப் பிணைப்பதே. கால்சியம் குறைந்திருக்கும்போது இழைகளைச் சேர்த்துக் கட்டுவதும், மிக உயரும்போது அவற்றை வெட்டுவதும் அதன் இயல்பு என்று சோதனைக்குழாய் ஆய்வுகள் காட்டின. செல்லின் உள்ளே எண்டோபிளாச வலைக்குள் கால்ரெட்டிகுலின் கால்சியத்தைச் சேமித்து வைக்கிறது. பக்கச்சுவர்களில் அண்டைச் செல்களைப் பிணைத்து நிற்கும் ஈ-கேடரினோ செல்லுக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதியில் கால்சியத்தை ஏற்கிறது. ஆய்வகத்தில் ஈடிடிஏ கரைசலில் ஊறவைத்தால் குடலின் மேற்படலம் உரிந்து வருவதற்குக் கரைசல் அந்தக் கால்சியத்தைப் பறித்துக்கொள்வதே முக்கியக் காரணம்.

கேள்வி: கால்பின்டின் இல்லாவிட்டால் கால்சியம் உறிஞ்சப்படாதா?

பதில்: செல்லின் மேற்பக்கத்தில் டிஆர்பிவி6 என்னும் வாயில், அடிப்பக்கத்தில் கால்சியத்தை ஆற்றல் செலவிட்டு வெளியேற்றும் பம்பு, இடையில் அதைச் சுமந்து செல்லும் கால்பின்டின் என்பதே நெடுங்காலம் கற்பிக்கப்பட்ட சித்திரம். செல்லினுள் கட்டற்ற கால்சியத்தின் செறிவு, குடற்குழாயில் உள்ளதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு என்பதால், அந்த அளவைக் கலைக்காமல் கால்சியத்தைக் கடத்த ஒரு சுமைதாங்கி தேவை என்ற தருக்கம் வலுவானதாகவே இருந்தது. ஆனால் 2006இல் வெளியான ஆய்வில், டி9கே மரபணு நீக்கப்பட்ட எலிகளின் இரத்தக் கால்சியம் இயல்பாகவே இருந்தது. அதனால் அப்புரதத்துக்கு வேலையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இன்றியமையாதது என்ற சொல்லை மட்டும் இனித் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: மலப் பரிசோதனையில் கால்ப்ரொடெக்டின் அதிகம் என்று வந்துள்ளது. கால்சியம் மாத்திரையைக் குறைக்க வேண்டுமா?

பதில்: இரண்டுக்கும் தொடர்பில்லை. கால்ப்ரொடெக்டினும் கால்சியத்தைப் பிணைக்கும் புரதமே. ஆனால் மலத்தில் அளவிடப்படுவது பெரும்பாலும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களிலிருந்து வருவது. குடலில் அழற்சி ஏற்பட்டு வெள்ளணுக்கள் அங்கே குவியும்போது அதன் அளவு மலத்தில் உயர்கிறது. உயர்ந்ததற்கான காரணத்தை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

கேள்வி: குழந்தையின் மலக்குடல் திசுச் சோதனையில் கால்ரெட்டினினைத் தேடுவது ஏன்?

பதில்: கால்ரெட்டினினும் கால்சியத்தைப் பிணைக்கும் புரதமே, ஆனால் குடலில் அது நரம்புச் செல்களிலும் அவற்றின் இழைகளிலும் இருக்கிறது. பிறவியிலேயே நரம்புச் செல்கள் உருவாகாத ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயில், பாதிக்கப்பட்ட பகுதியின் சளிப்படலத்தில் கால்ரெட்டினின் இழைகள் தென்படுவதில்லை. நோயறியும் மருத்துவருக்கு அந்த வெறுமையே தடயம்.