ஒரே பந்தயக் குதிரை சமதள ஓட்டத்திலும் தடை தாண்டும் ஓட்டத்திலும் பல்லாண்டுகள் வெல்ல முடியுமா?

முடியும், இங்கிலாந்தின் 'சீ பிஜன்' அதற்குச் சிறந்த சான்று.

1970இல் பிறந்த இக்குதிரை, மூன்று வயதுக் குதிரைகளுக்கான புகழ்பெற்ற சமதளப் பந்தயமான எப்சம் டெர்பியில் 1973ஆம் ஆண்டு ஏழாவதாக வந்தது. பின்னர் காயடிக்கப்பட்டுவிட்டதால் இனப்பெருக்கத்துக்கு அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை. பெயர்பெற்ற ஆண் குதிரைகள் மூன்று, நான்கு வயதிலேயே ஓய்வு பெற, இது தொடர்ந்து ஓடியதற்கு முதற்காரணம் அதுவே.

பீட்டர் ஈஸ்டர்பியின் பயிற்சியில் 1977, 1978 ஆகிய இரு ஆண்டுகளிலும் சமதளப் பந்தயமான செஸ்டர் கோப்பையை வென்றது. 1979இல் யார்க் நகரில் நடந்த ஈபோர் என்ற சமதளப் பந்தயத்தில், ஜாக்கியின் எடையோடு சேர்த்துச் சுமார் 63.5 கிலோ சுமந்து ஓடியபோது, வென்றுவிட்டோம் என்றெண்ணி ஜாக்கி ஜோன்ஜோ ஓ'நீல் கடைசி நொடியில் பிடியைத் தளர்த்த, தலையளவுக்கும் குறைந்த இடைவெளியில்தான் வெல்ல முடிந்தது. என் கணிப்பில் இதன் மிகப்பெரிய சாதனை இந்தச் சமதள வெற்றியே.

தடை தாண்டும் பந்தயமான செல்ட்னம் சாம்பியன் ஹர்டிலில் 1978, 1979 ஆகிய ஆண்டுகளில் மாங்க்ஸ்ஃபீல்டிடம் தோற்று இரண்டாமிடம் பெற்ற சீ பிஜன், 1980இல் அதே குதிரையை வீழ்த்தியது. மறு ஆண்டு, காயமுற்ற ஓ'நீலுக்குப் பதிலாக ஏறிய ஜான் ஃபிராங்கம், கடைசித் தடையைத் தாண்டிய பின்னும் அவசரப்படாமல் காத்திருந்து, இறுதி ஏற்றத்தில்தான் அதன் வேகத்தை அவிழ்த்துவிட்டு மீண்டும் வென்றார். அப்போது அதற்கு வயது 11!

மொத்தம் 37 வெற்றிகள்: சமதளத்தில் 16, தடை ஓட்டத்தில் 21.