மகள் விஸ்கி பற்றிப் படிக்க ஆசைப்படுகிறாளா?

வணக்கம் அம்மா. வேதியியல் முடித்த மகள் ஸ்காட்லாந்தில் எடின்பரோவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் 'ப்ரூயிங் அண்ட் டிஸ்டில்லிங்' (பீர் வடிப்பும் மது காய்ச்சி இறக்குவதும்) எம்.எஸ்சி. படிக்கக் கேட்கிறாள், "சாராயம் காய்ச்சவா படிக்க வைத்தோம்?" என்று வீட்டில் சண்டை என எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் கேட்கத் தயங்கியதற்கே முதலில் வருகிறேன். அவள் குடிக்க வேண்டியிருக்குமா? விஸ்கி கலப்பவர்களுக்கு மூக்குதான் கருவி. பீப்பாயிலிருந்து எடுத்த மாதிரியில் தண்ணீர் விட்டு, ஆல்கஹாலைச் சுமார் 20 சதவீதத்துக்குக் குறைத்து, வாய் குறுகிய கிளாஸில் ஊற்றி மோந்து பார்ப்பார்கள். வாயில் வைத்தாலும் துப்பிவிடலாம்.

மற்றபடி இது பொறுமையும் கணக்கும் உள்ள தொழில். காய்ச்சி இறக்கும்போது விஸ்கி தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். பிரிட்டனின் 2009 விதிமுறைப்படி, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்திலேயே குறைந்தது 3 ஆண்டு கிடந்தால்தான் அதற்கு ஸ்காட்ச் என்று பெயர். ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போய்விடும். 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். புட்டியில் 12 ஆண்டு என்று போட்டிருந்தால், உள்ளே கலந்ததில் மிக இளையதற்கே வயது 12. அப்படியென்றால் இன்று எத்தனை பீப்பாய் நிரப்புவது என்பதை 12 ஆண்டுக்குப் பிந்தைய சந்தையை யோசித்து முடிவு செய்ய வேண்டும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

ஸ்காட்ச்சில் 5 வகை உண்டு. இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்வது சிங்கிள் மால்ட். மால்ட்டையும், கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியங்களும் சேர்த்துச் செய்யும் கிரெய்ன் விஸ்கியையும் கலப்பது பிளெண்டட். சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்திலேயே புட்டியில் அடைக்க வேண்டும். பிளெண்டட்டை மொத்தமாகக் கப்பலேற்றலாம். 2024இல் ஏற்றுமதி சுமார் 540 கோடி பவுண்டு. புட்டிக் கணக்கில் இந்தியா முதலிடம், பண மதிப்பில் அமெரிக்கா. நம் நாட்டின் 150 சதவீத இறக்குமதி வரியை முதலில் 75, பத்தாண்டில் 40 என இறக்க 2025 ஜூலையில் பிரிட்டனுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. லேபிள் சட்டம், தரப் பரிசோதனை தெரிந்தவர்களுக்கு இங்கேயும் வேலை கூடும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் எடுத்த எடுப்பில் கல்விக்கடன் வேண்டாம். 'சார்ட்டர்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ப்ரூவர்ஸ் அண்ட் டிஸ்டில்லர்ஸ்' அமைப்பு டிஸ்டில்லிங்கில் ஆரம்பநிலைத் தேர்வுகள் நடத்துகிறது. முதலில் அதில் ஒன்றை எழுதட்டும். அப்புறமும் ஆசை குறையவில்லை என்றால், அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். கடன் கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.