கொள்ளுத்தாத்தா பிரிட்டிஷ் பட்டாளத்தில் வாங்கிய பதக்கம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை வைத்து அவரைப் பற்றிக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கண்டுபிடித்த பிறகு சொந்தக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவார்களா என்பது வேறு விஷயம். பெரியப்பா வீட்டோடு எனக்குப் பேச்சுவார்த்தை நின்று ஆறு வருடம் ஆகிறது.

உங்கள் வீட்டிலும் "சுபேதாராக இருந்தார்" என்றுதான் சொல்லி வளர்த்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கும் ஒரு படி மேலே. கொள்ளுத்தாத்தா பர்மாவுக்குப் போய் திபா மன்னரையே பிடித்து வந்தாராம். 1885 நவம்பரில் மாண்டலேயில் திபா சரணடைந்தது உண்மை. படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் பிரெண்டர்காஸ்ட் சென்னைப் பட்டாளத்து இன்ஜினியர் பிரிவில் வளர்ந்தவர் என்பதும் உண்மை. அவர்களுக்கு நடுவில் கொள்ளுத்தாத்தாவை நுழைத்தது எங்கள் குடும்பத்தார் கைங்கரியம்.

பதக்கத்தில் விக்டோரியா ராணி தலை, நாடாவுக்குக் கீழே 'பர்மா 1885-7' என்று ஒரு பட்டை. இதையெல்லாம் பார்த்துப் பிரயோஜனமில்லை. அந்தச் சண்டைக்குப் போன எல்லாருக்கும் இதே தலை, இதே பட்டைதான். ஆள் யார் என்பது விளிம்பில் இருக்கும். ஒவ்வொருவர் பெயரையும் பிரிவையும் அங்கேதான் பொறித்தார்கள். எங்களுடையதில் பாதி எழுத்து தேய்ந்து போயிருந்தது. பாட்டி வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்ப்பாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். வெள்ளியாக இருந்தால் விபூதி போட்டல்லவா தேய்த்திருப்பாள்?

அந்தச் சண்டையில் துப்பாக்கி பிடித்தவனுக்கு வெள்ளிப் பதக்கம். டோலி தூக்கியவன், தண்ணீர் சுமந்தவன், கூட்டிப் பெருக்கியவன் போன்றவர்களுக்கு அதே அச்சில் வெண்கலம். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது கொள்ளுத்தாத்தா பெயருக்கு முன்னால் 'டோலி' என்ற எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. காயம்பட்ட சிப்பாய்களைச் சுமந்தவர். ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பாவிடம் இதைச் சொல்லித் தொலைத்தேன். சபையில் சொன்னது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

உடனே "வெள்ளைக்காரனுக்குச் சுமை தூக்கியதில் என்ன பெருமை" என்று நாலு பேர் கமெண்டில் வருவீர்கள். பர்மாவைப் பிடித்தது நியாயம் என்று நான் எங்கே சொன்னேன்? தாது வருஷப் பஞ்சத்தில் தப்பிப் பிழைத்த பையன், பத்து வருஷம் கழித்துச் சோறு கிடைத்த இடத்துக்குப் போனான். அவ்வளவுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதக்கம் யார் யாருக்குச் சேர வேண்டும் என்று பிரிவு வாரியாகப் பட்டியல் எழுதினார்கள். லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூ.ஓ. 100' என்ற வரிசையில் அவை இருக்கின்றன. இந்தியப் பட்டாளம் என்றால் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களையும் பார்க்க வேண்டும். பிரிவு தெரியாமல் வெறும் பெயரோடு போனால் வைக்கோல் போரில் ஊசி தேடுகிற கதைதான். அதிலும் நம் பெயர்களை அவர்கள் எழுதிய அழகு! முத்துசாமியை 'Mootoosawmy' என்று எழுதுவார்கள், நாலு 'ஓ', ஒரு 'டபிள்யூ'. நண்பர் மகள் ஒருத்தி எனக்காக இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தாள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வரிசையாகக் கிடைத்தார்கள், எங்கள் ஆள் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்துக் குமாஸ்தாவைக் குறை சொல்லி என்ன? எங்கள் நிலத்துப் பட்டாவில் அப்பா பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாக ஏற்றிவிட்டு, திருத்தித் தர நாலு வருடம் அலையவிட்டார்கள். அதுவும் கம்ப்யூட்டரில். போகும்போதெல்லாம் "சர்வர் டவுன்." கடைசியில் திருத்தினார்கள், இன்ஷியல் மாறிவிட்டது. மறுபடி மனு.

உங்களுடையது முதல் உலகப் போர் பதக்கமாக இருந்தால் வேலை கொஞ்சம் சுலபம். விளிம்பில் பெரும்பாலும் எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் இருக்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்து விளிம்பைச் சுற்றிப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன். அதுவரை புளி போட்டுவிடாதீர்கள்.