இலாபத்தில் நிற்பதை விற்பதா, நட்டத்தில் கிடப்பதை விற்பதா?

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார்: "2,000 வங்கிப் பங்குகளை 100 ரூபாவுக்கு வாங்கினேன், இப்போது 170. 3,000 ஹோட்டல் பங்குகளை 40க்கு வாங்கினேன், அது 26க்கு வந்துவிட்டது. அடுத்த வைகாசியில் மகளின் கல்யாணம், 3 இலட்சம் தேவை. வங்கிப் பங்கை விற்றுவிட்டு, ஹோட்டல் பங்கை 40க்குத் திரும்பும் வரை வைத்திருக்கலாமா?"

டீச்சர், கணவர் வயல் செய்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்போகம் அறுத்ததும் பச்சை நெல்லாகவே கொடுப்பதா, காயப்போட்டு மூடை கட்டி வைப்பதா என்ற பேச்சு வருடா வருடம் வீட்டில் வரும்தானே. உழவுக்கும் பசளைக்கும் எவ்வளவு போனது என்று மில்காரர் கேட்பதில்லை. வைத்திருந்தால் விலை ஏறுமா, அதுவரை கடன் வட்டி எவ்வளவு ஓடும் என்றுதான் நீங்களும் பார்ப்பீர்கள். அந்த 40 ரூபாவும் போன போகத்து உழவுச் செலவு மாதிரித்தான். சந்தைக்கு அது தெரியாது.

26 மறுபடி 40 ஆக வேண்டுமானால் 54 சதவீதம் ஏற வேண்டும். இன்று கையில் 78,000 ரூபா காசாக இருந்தால் இதே பங்கை வாங்குவீர்களா? மாட்டீர்கள் என்றால் வைத்திருக்கவும் காரணம் இல்லை.

வாங்கலாமா என்பதைக் கம்பனியின் காலாண்டுக் கணக்கில் பாருங்கள். கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். வருமானம், கடன், கடனுக்குக் கட்டும் வட்டி மூன்றும் போதும். ஹோட்டல் என்றால் போன வருடத்தின் அதே காலாண்டோடுதான் ஒப்பிட வேண்டும். பாசிக்குடாவில் கூட்டம் சித்திரைக்குப் பிறகு, தெற்குக் கரையில் மார்கழியில். அடுத்தடுத்த காலாண்டுகளை ஒப்பிட்டால் நல்ல ஹோட்டலும் நொடித்தது போலத் தெரியும். வருமானம் ஏறியும் வட்டியே அதை விழுங்குகிறது என்றால் நான் விற்றுவிடுவேன்.

விற்கும்போது ஒரு கவனம். சிறிய கம்பனிப் பங்குக்கு வாங்குவோர் குறைவு. திரையில் 26க்கு 400 பங்கு, 25.50க்கு 700, அதற்குக் கீழே 24 என்று வாங்குவோரின் கேள்வி நிற்கலாம். 3,000ஐயும் ஒரேயடியாகச் சந்தை விலைக்குத் தள்ளினால் மிச்சம் 24க்கும் அதற்குக் கீழும் போய்விடும். விலையைக் குறித்து, சில நாட்களில் பிரித்து விற்கச் சொல்லித் தரகரிடம் ஓடர் கொடுங்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து 1.12 சதவீதம் போகும்.

அப்புறம் கல்யாணக் காசு. இதில்தான் எனக்குப் பயம். 2022 தை மாதம் 13,000ஐத் தாண்டி நின்ற கொழும்புச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், சித்திரையில் 8,000க்குக் கீழே போனது. சந்தையையே ஒரு வாரம் மூடி வைத்தார்கள். பொறுத்திருந்தவர்கள் 2025இல் அதே சுட்டெண் 20,000ஐத் தாண்டியதைக் கண்டார்கள். 2022இலேயே காசு தேவைப்பட்டவர்கள் அடிவிலைக்கு விற்றார்கள். வைகாசிக்கு நாள் குறித்துவிட்டால் சந்தை திரும்பும் வரை மண்டபமும் சமையல்காரரும் காத்திருக்கமாட்டார்கள்.

கணக்கைப் பார்த்து ஹோட்டலை விற்பதென்று முடிவானால், ஹோட்டல் பங்குகள் முழுவதையும், வங்கிப் பங்கில் 1,350ஐயும் விற்றால், ஹோட்டல் பங்கு சராசரி 25க்குப் போனாலும் கட்டணம் கழித்து 3 இலட்சத்துக்குச் சற்று மேலே கையில் வரும். அதைக் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு முதிரும்படி நிலையான வைப்பில் போடுங்கள். மிஞ்சும் 650 வங்கிப் பங்குகளுக்கு அவசரமே இல்லை. இனி வாங்குவோருக்கு அந்த முறைப் பங்கிலாபம் கிடைக்காது என்றாகும் நாளில் விலை கொஞ்சம் இறங்கும், அதைப் பார்த்துப் பதறி விற்காதீர்கள். வங்கியிடம் வாங்கித் திருப்பிக் கட்டாத கடன்கள் ஒவ்வொரு காலாண்டுக் கணக்கிலும் கூடிக்கொண்டு போனால், அப்போது மறுபடி எழுதுங்கள்.