பறந்த இரும்பு: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக (விமானத்தின் உடல், இறக்கைப் பகுதிகளைப் பழுதுபார்ப்பவர்) இருந்து ஓய்வு பெற்றவர், திருவையாறு)

கே: பேரன் விமானப் பைத்தியம். பழைய போர் விமானங்களைக் காட்ட டெல்லி வரை போய்த்தான் ஆகணுமா?
- வாசகி, பாபநாசம்

ப: வேண்டாம் அம்மா, கோடையில் டெல்லி வெயில் உங்களுக்கு ஆகாது. விசாகப்பட்டினம் போங்கள். கடற்கரைச் சாலையில் ஒரு பக்கம் குர்சுரா நீர்மூழ்கி, எதிரே கடற்படையின் டியூ-142 கண்காணிப்பு விமானம். விமானம் நம்ம அரக்கோணத்தில் இருந்ததுதான். 2017-இல் ஓய்வு கொடுத்தார்கள். எஞ்சின் நான்கு, புரொப்பெல்லர் எட்டு. ஒவ்வொரு எஞ்சினிலும் ஒன்று வலமாகச் சுற்றினால் இன்னொன்று இடமாகச் சுற்றும். பேரனையே எண்ணச் சொல்லுங்கள். குர்சுராவுக்குள் குனிந்து குனிந்துதான் போகணும். முழங்கால் வலி இருந்தால் அவனை மட்டும் அனுப்புங்கள்.

கே: பழைய விமானங்களைப் புதுப்பித்தோம் என்கிறார்களே, பெயின்ட் அடித்து நிறுத்துவதுதானா, நிஜமாகவே பறக்குமா?
- வாசகர், மன்னார்குடி

ப: இரண்டும் உண்டு, முக்கால்வாசி பெயின்ட்தான். விமானப்படையின் பழைய டகோட்டா சரக்கு விமானம் ‘பரசுராமா’ பிரிட்டனில் சீராகி 2018-இல் பறந்தே இந்தியா வந்தது. ஆனால் என் மனசுக்குப் பிடித்தது லிபரேட்டர் கதை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டிஷார் கான்பூரில் அந்தக் குண்டுவீச்சு விமானங்களை யாருக்கும் உதவாதபடி சிதைத்துவிட்டுப் போனார்கள். பெங்களூரு விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். ஆட்கள் அந்தக் குப்பையைக் கிளறி, பறக்கிற அளவுக்கு ஒட்டுப்போட்டு, பெங்களூருக்கு ஓட்டி வந்து முழுசாகச் சரிசெய்தார்கள். 1968 வரை நம் விமானப்படையில் பறந்தன. ஒன்று இன்றும் டெல்லியில் ‘பாலம்’ என்ற இடத்து விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இப்படிப்பட்ட விமானத்தை நேரே நின்று பார்க்காதீர்கள். பக்கவாட்டில் சாய்ந்து, வெளிச்சம் தகட்டில் வழுக்குகிற மாதிரி பாருங்கள். ஒட்டுத் தகடு இருந்தால் அதைச் சுற்றி ரிவெட் நெருக்கமாக இருக்கும். பெயின்ட் அதை மறைக்காது. டைகர் மோத் என்ற பழைய பயிற்சி விமானம் வேறு ஜாதி, இறக்கையே துணி. டோப் என்ற வார்னிஷ் மாதிரிப் பூச்சு பூசிக் காய்ந்ததும் தவில் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். தட்டிப் பார்க்க ஆசை வரும், தட்டாதீர்கள். காவலர் திட்டுவார், நியாயம்தான்.

கே: தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தை உள்ளே போய்ப் பார்க்கலாமா?
- வாசகர், திருவாரூர்

ப: சுகோய்-30 போர் விமானங்கள் நிற்கிற இடம் ஐயா, அருங்காட்சியகம் இல்லை. செல்போனைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். அந்த ஓடுதளமும் இரண்டாம் உலகப்போர் காலத்ததுதான், என்ன செய்ய! பேசாமல் கீழவாசல் பீரங்கி மேட்டில் ஏறுங்கள். ரகுநாத நாயக்கர் காலத்துப் பீரங்கி, நீளம் 20 அடிக்கு மேல். வார்த்தது இல்லை. இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்துச் சேர்த்து, மேலே வளையம் வளையமாக இறுக்கியது. எங்கள் பட்டறைக்காரன் எவனும் அதன் முன்னால் தொப்பியைக் கழற்றுவான். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் மேடு கொதிக்கும்.